இயக்குநர் சிரித்த பிறகு சிரிக்கவும்

என் வீட்டுக்காரருக்குக் குடிநீர் நிறுவனத்தில் வேலை. புகார்ப் பிரிவு, இரவு ஷிஃப்ட். குழாய் உடைந்தால், தண்ணீர் வராவிட்டால், வந்த தண்ணீர் துரு நிறத்தில் இருந்தால் ஜனங்கள் போன் செய்வார்கள். இவர் எடுத்துக் கேட்டுப் பழுது பார்க்கும் ஆட்களுக்குச் சொல்வார். அவ்வளவுதான் வேலை. மனிதர் அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். அந்த நிறுவனத்தில் ஒருவர் ஒழுங்காக வேலை செய்தால் அவர் மேல் எல்லோருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பகல் வேலை. காலையிலிருந்து ஊருக்கே ஊசி குத்துகிறவள். என் பேச்சும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் சந்தித்துக்கொள்வது வாசற்படியில். காலையில் அவர் உள்ளே வரும்போது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் நான் உள்ளே வரும்போது அவர் மாட்டிக்கொண்டிருப்பார். "பாப்பாவுக்கு இருமல், மருந்து மேஜை மேல." "கேஸ் தீரப் போகுது." "உங்க அக்கா போன் பண்ணாங்க." இதுதான் எங்கள் தாம்பத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே அறையில் இருக்க நேர்ந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் கேஸைப் பற்றியே பேசுவோம்.

எங்கள் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். குடும்பத்தை வரையச் சொன்னார்களாம். என்னை நிற்க வைத்தும், தன்னைக் குதிக்க வைத்தும், அப்பாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடியும் வரைந்துவிட்டு வந்தாள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவருக்கு உடம்புக்கு என்ன, ரொம்ப நாளா படுத்திருக்காரா?" என்று இரக்கத்தோடு கேட்டார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று இருந்தது.

பகல் ஷிஃப்ட் வேண்டும் என்று இவர் விண்ணப்பிக்காத மாதம் இல்லை. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் மட்டும் தவறாமல் வரும். தண்ணீர் கூட அந்த நிறுவனத்திலிருந்து அவ்வளவு ஒழுங்காக வந்தது கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் டிவியில் இரண்டு நகைச்சுவைத் தொடர்கள் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. இரண்டுமே அலுவலகக் கதைகள். ஒன்று 'மூன்றாம் மாடி'. செருப்புக் கம்பெனி அலுவலகம் ஒன்றில் நடக்கிறது. மேலாளர் வடிகட்டின முட்டாள். அவர் வாயைத் திறந்ததும் ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், நமக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். இன்னொன்று 'அடுத்தவர் வரலாம்'. ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைத் திருப்பித் தரும் அலுவலகம். அங்கே அதிகாரி தங்கமான மனிதர். குடையைத் தொலைத்தவனோடு சேர்ந்து தானும் மழையில் நனைந்துகொண்டே தேடுவார். துணி தேய்க்கும்போது இரண்டையும் பார்ப்பேன். முதலாவது நம் எல்லோருடைய அலுவலகம் மாதிரியும் இருப்பதால் சிரிப்பு வருகிறது. இரண்டாவது உலகத்தில் எங்குமே இல்லாததால் சிரிப்பு வருகிறது. என்னைக் கேட்டால் ஒப்பீடு இவ்வளவுதான். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

வினை இவருடைய அலுவலகத் தாழ்வாரத்தில் ஆரம்பித்தது. நாலைந்து பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்களாம். குடிநீர் நிறுவனத்தின் இயக்குநர் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இயக்குநர் சிரிப்பதற்கு முன்னால் யாரும் சிரிக்கக் கூடாது. அவர் சிரித்துவிட்டால் யாரும் சிரிக்காமல் இருக்கக் கூடாது. துணை இயக்குநரில் தொடங்கிக் கடைசியில் வாட்ச்மேன் வரை பதவி வரிசைப்படிதான் சிரிப்பு இறங்கி வரும்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டார் இயக்குநர்.

"டிவி தொடர் சார். 'மூன்றாம் மாடி'. ஆபீஸ் காமெடி" என்றான் ஒரு அப்பாவி.

"நம்ம ஆபீஸ் மாதிரியா?"

 அப்போது மகிழ்ச்சி அதிகாரி முன்னால் பாய்ந்து வந்தார். ஆமாம், அங்கே அப்படி ஒரு பதவி உண்டு. ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்று கண்காணிப்பதற்காகப் போட்ட பதவி. அதற்கு முன்பு ஓரளவு மகிழ்ச்சியாக இருந்தார்களாம்.

"இல்லவே இல்லை சார்! நம்ம ஆபீஸ் 'அடுத்தவர் வரலாம்' மாதிரி. அதுல வர்ற அதிகாரி அச்சு அசல் நீங்கதான் சார்!"

இயக்குநர் முகம் மலர்ந்தது. "வாயால சொன்னா போதாது. நிரூபிக்கணும்" என்றார்.

இப்படியாக ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் நிறுவனத்தில் 'நகைச்சுவைத் தொடர் ஒப்பீட்டுக் குழு' உதயமானது. குழுவுக்கு ஒரு நடுவர் வேண்டும். இரண்டு தொடரையும் பார்க்காதவராக இருந்தால்தான் நடுநிலை தவறாது என்றார் மகிழ்ச்சி அதிகாரி. இரண்டுமே ராத்திரியில் வருகிறவை. ராத்திரியில் டிவி பார்க்காத பாவப்பட்ட ஜீவன் யார்? என் வீட்டுக்காரர்.

"இந்த ஒப்பீட்டை நல்லபடியா முடிங்க. உங்க பகல் ஷிஃப்ட் எங்கேயும் போயிடாது" என்றாராம் மகிழ்ச்சி அதிகாரி.

இவர் அன்று காலை வாசற்படியில் முகமெல்லாம் பல்லாக நின்றார். "கிடைச்சிடும்போல இருக்கும்மா" என்றார்.

"டிவி பார்த்தா பகல் ஷிஃப்டா? அவங்க சொன்னாங்க, நீங்க நம்பினீங்களா?" என்றேன்.

"பெரிய ஆபீஸர்ம்மா. சும்மா சொல்வாரா?"

சும்மா சொல்வதற்காகத்தானே அவருக்குச் சம்பளம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டுக் கிளம்பினேன்.

ராத்திரி முழுக்கப் போன் எடுத்துவிட்டு, பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் கூட்ட அறையில் உட்கார்ந்து தொடர் பார்த்தார். முதல் நாள் இயக்குநரும் வந்திருந்தார். 'மூன்றாம் மாடி'யில் மேலாளர் சுழல் நாற்காலியோடு சேர்ந்து கவிழ்ந்தார். இயக்குநர் சிரிக்கவில்லை. ஆகவே அறையே உம்மென்று இருந்தது. சொல்கிற ஜோக் இயக்குநருக்குப் புரிவதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அவருக்குப் புரிந்தபோது அங்கே மேலாளரின் அம்மா இறந்துபோன செய்தி வந்து எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துணை இயக்குநர் சிரித்தார். தலைமைப் பொறியாளர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகிற வரைக்கும் அறை குலுங்கியதாம்.

"நீங்களும் சிரிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"என் முறை வந்தப்போ சிரிச்சேன். பாவம், வயசான அம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தூக்கம் இல்லாததாலா, அந்த அம்மாவுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்ததாக, ஊழியர்கள் எல்லோரும் தங்கள் தொடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 'அடுத்தவர் வரலாம்' கட்சிக்கு அடையாள அட்டையில் பச்சைக் கயிறு, 'மூன்றாம் மாடி' கட்சிக்குச் சிவப்புக் கயிறு. பச்சை அணிந்தவர்களுக்குக் கேன்டீனில் மின்விசிறிக்குக் கீழே இடம். சிவப்புக்காரர்களுக்குக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். இது சுதந்திரமான தேர்வு என்று உத்தரவிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். மொத்த அலுவலகமும் பச்சையாகிவிட்டது. ஆனால் ஒப்பீடு என்றால் எதிர்க்கட்சி வேண்டுமே! குழாய் பழுது பார்க்கும் ஆட்களை மொத்தமாகச் சிவப்புக்கு மாற்றினார்கள். வெயிலில் பள்ளம் தோண்டிவிட்டு வருகிறவர்களுக்கு மின்விசிறி பழக்கமில்லை என்பது காரணம். நடுவருக்கு வெள்ளைக் கயிறு. அவருக்கு எந்தப் பக்கமும் உட்கார உரிமை இல்லை. என் வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துச் சாப்பிட வைத்தவர்களை எனக்கு இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கத் தோன்றவில்லை.

பொதுமக்கள் மட்டும் சும்மா இருந்தால் எப்படி? புகார்ப் பிரிவுக்குச் சுற்றறிக்கை வந்தது. போன் செய்கிறவர்களிடம் புகாரைக் கேட்பதற்கு முன்னால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். இரண்டில் எந்தத் தொடர் பிடிக்கும், ஏன், எந்தப் பாத்திரம் குடிநீர் இயக்குநரை நினைவூட்டுகிறது என்று போகும். ஐந்தாவது கேள்வி கேள்வியே இல்லை. பிடித்த காட்சியை நினைத்து ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சிரிப்பு பதிவாகும். அது 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி'க் கணக்கில் சேரும். சிரிக்காதவரின் புகாரை ஏற்கக் கூடாது. ஒரு கேள்வியைத் தாண்டினாலும் ஊழியருக்குச் சம்பளம் பிடிப்பு. எல்லாப் பேச்சும் ஒலிப்பதிவாகிறது, தப்ப முடியாது.

ஒருநாள் ஒரு அம்மா போன் செய்திருக்கிறார். "ஐயா, மூணு நாளா சொட்டுத் தண்ணி இல்ல. கைக்குழந்தை வச்சிருக்கேன்."

"அம்மா, மன்னிச்சிடுங்க. 'மூன்றாம் மாடி' பிடிக்குமா, 'அடுத்தவர் வரலாம்' பிடிக்குமா?"

"என்னங்க, உங்களுக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா?"

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுது. ஆனா சொன்னாத்தான் புகாரை எடுக்க முடியும்."

அந்த அம்மா ஏதோ ஒன்றைச் சொன்னார். கடைசியில் சிரிக்கச் சொன்னபோது அழுதுவிட்டார். அழுகையும் சிரிப்பும் ஒலிப்பதிவில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்ததால் கணக்கில் ஏறிவிட்டது. அந்த மாதம் வாடிக்கையாளர் மகிழ்ச்சி உச்சத்தைத் தொட்டதாக மகிழ்ச்சி அதிகாரி கேக் வெட்டினார்.

மாதங்கள் ஓடின. இவருக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. மகள் ஒருநாள், "அப்பா கண்ண திறந்துக்கிட்டே தூங்குறார்மா" என்றாள். அன்றைக்குச் செருப்பை வீசிவிட்டு, "அந்த ஆபீஸுக்கு நானே வந்து நாலு கேள்வி நறுக்குனு கேட்கறேன்" என்று கத்தினேன்.

"தீர்ப்பு நாள் வருதும்மா. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க. குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

தீர்ப்பு நாளுக்குப் போனோம். பெரிய அரங்கம். வாசலில் எனக்கும் மகளுக்கும் பச்சைக் கயிறு மாட்டினார்கள். இயக்குநர் பேச எழுந்தார்.

"எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அதை அலுவலக உத்தரவு மூலமாகவே எல்லாருக்கும் தெரிவிச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார். "'மூன்றாம் மாடி'ல வர்ற மேலாளர் யாரு? காரணமே இல்லாம கூட்டம் போட்டு, யாரையும் வேலை செய்ய விடாத ஒரு முட்டாள். நம்ம நிறுவனத்துல அப்படி யாரும் இல்லைன்னு நிரூபிக்கத்தான் இத்தனை மாசமா எல்லா வேலையையும் நிறுத்திட்டுத் தினமும் கூட்டம் போட்டோம்."

கைதட்டல்.

"'அடுத்தவர் வரலாம்'ல வர்ற அதிகாரி, ஊழியர்கள் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கறவர். நானும் அப்படித்தான். இல்லைன்னு எவனாவது சொல்லட்டும், அவனை என்ன பண்றேன் பாருங்க."

இன்னும் பலத்த கைதட்டல்.

"விதின்னா எல்லாருக்கும் விதி. நானே புகார்ப் பிரிவுக்குப் போன் பண்ணாலும் அந்த அஞ்சு கேள்விக்கும் பதில் சொல்லிட்டுத்தான் பேசுவேன். ஏன்னா நான் எளிமையானவன்."

நான் மகளின் வாயைப் பொத்தினேன். அவள் கொட்டாவி விட்டது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

பிறகு நடுவரைக் கூப்பிட்டார்கள். இவர் கையில் தடிமனான அறிக்கை. அதில் மகிழ்ச்சி அதிகாரி திருத்தாத வரி ஒன்றுகூட இல்லை. அதைப் படிக்க வாயைத் திறந்தபோது இயக்குநர், "அறிக்கையெல்லாம் அப்புறம். ரெண்டு தொடரையும் முழுசாப் பார்த்தவர் நீங்க. மனசுல பட்டதை ஒரே வரியில சொல்லுங்க" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சார், ரெண்டுலயும் ஒரு விஷயம் ஒண்ணுதான். அதுல முட்டாள் அதிகாரி, இதுல நல்ல அதிகாரி. ஆனா ரெண்டுலயும் சாயங்காலம் ஆனா எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. பகல்ல வேலை, ராத்திரி வீடு. எனக்கும் அது வேணும் சார்."

  இந்த மனுஷன் இப்படி நிமிர்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இயக்குநர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு உதடு துடித்தது, தோள் குலுங்கியது, வெடித்துச் சிரித்தார். துணை இயக்குநர் சிரித்தார். தலைமைப் பொறியாளர் சிரித்தார். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்து, கதவோரம் நின்ற வாட்ச்மேனைத் தொட்டது.

"அபாரம்! இவ்வளவு நாளா இந்த நகைச்சுவையை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் இயக்குநர். ஆண்டின் சிறந்த நகைச்சுவையாளர் என்று அந்த இடத்திலேயே அறிவித்து ஒரு கோப்பையைக் கொடுத்தார். "ராத்திரியில போன் பண்றவங்கதான் ரொம்பக் கோபமா இருப்பாங்க. அவங்களைச் சமாளிக்க இந்த மாதிரி ஆள்தான் வேணும். இவருக்கு ராத்திரி ஷிஃப்டை நிரந்தரமாக் கொடுத்துக் கௌரவிக்கிறேன்!"

கைதட்டல் ஓயவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. மகிழ்ச்சி அதிகாரி என் பக்கம் குனிந்து, "ஆனந்தக் கண்ணீர்! பதிவு பண்ணிக்கிறோம்மா" என்றார். அந்த ஆளுக்கு என்றாவது ரத்தம் எடுக்க வேண்டி வந்து, என் கூடத்துக்கு வந்தால், நரம்பு கிடைக்கவில்லை என்று ஏழெட்டு இடத்தில் குத்திப் பார்ப்பதாக அப்போதே முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஷூவைக் கழற்றவே இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. கோப்பையை மேஜை மேல் வைத்துவிட்டு அப்படியே போனார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் போயிருக்கும். விடிகிற நேரம். புகார்ப் பிரிவில் போன் அடித்தது.

"வீட்டு முன்னாடி பெரிய குழாய் வெடிச்சிருச்சு! ஹால்ல முழங்கால் அளவு தண்ணி! ஆளை அனுப்பு!"

இவருக்குக் குரல் தெரிந்துவிட்டது.  ஆனாலும் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதே. "வணக்கம் சார். 'மூன்றாம் மாடி' பிடிக்குமா, 'அடுத்தவர் வரலாம்' பிடிக்குமா?"

"யோவ்! நான் இயக்குநர் பேசறேன்யா!"

"தெரியுது சார். நீங்களே போன் பண்ணாலும் கேட்கணும்னு மேடையில சொன்னீங்க சார்."

மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "'அடுத்தவர் வரலாம்'" என்றார்.

"ஏன் சார்?"

"ஏன்னா... ஐயோ, சோபா மிதக்குதுய்யா!"

"காரணம் ஒண்ணு சொல்லணும் சார்."

"அதுல அதிகாரி நல்லவன்யா! உதவி பண்றான்!"

"எந்தப் பாத்திரம் இயக்குநரை நினைவூட்டுது சார்?" இப்படி நான்கு கேள்விகள் முடிந்தன. "கடைசியா, வாய்விட்டு ஒருமுறை சிரிக்கணும் சார்."

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இயக்குநர் சிரித்தார். ஒலிபெருக்கி போட்டிருந்ததால் அறை முழுக்கக் கேட்டது. இயக்குநர் சிரித்தாகிவிட்டது. இனி சிரிக்காமல் இருந்தால் குற்றம். இரவு ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரும் பதவி வரிசைப்படி, ஒருவர் விடாமல், மனதாரச் சிரித்தார்கள்.

அன்று மதியமே விசாரணை. "என்னைப் பார்த்துச் சிரிச்சியா?" என்று கர்ஜித்தார் இயக்குநர்.

"நீங்க சிரிச்ச பிறகுதான் சார் சிரிச்சோம். முன்னாடி சிரிக்கலை" என்றார் இவர்.

ஒலிப்பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். முன்னால் சிரிக்கவில்லை என்பது உறுதியானது. எந்த விதியும் மீறப்படவில்லை. அதுதான் இயக்குநருக்குத் தாங்கவில்லை. "ராத்திரி ஷிஃப்டைக் கொடுத்துக் கௌரவிச்சேன். அந்தக் கௌரவத்துக்கு நீ லாயக்கில்லை. வாபஸ்! நாளையிலேருந்து பகல்லதான் வேலை. என் அறைக்கு எதிர்ல, என் கண்ணு முன்னாடி உட்காரணும். ரிட்டயர் ஆகற வரைக்கும்!"

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார் மகிழ்ச்சி அதிகாரி.

"ரொம்ப" என்றாராம் இவர், தலையைக் குனிந்துகொண்டு.

சாயங்காலம் நான் வந்தபோது வாசற்படியில் ஆளைக் காணவில்லை. பதறிக்கொண்டு உள்ளே போனேன். சட்டையை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னார். கோபத்தில் பழிவாங்கத்தான் இயக்குநரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டீர்களா என்றேன். "அய்யய்யோ, சம்பளத்தைப் பிடிப்பாங்களேன்னு பயந்து கேட்டேன்ம்மா" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

எட்டு மணிக்கு டிவியைப் போட்டோம். மகள் அவரையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அவருடைய ஷூ இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து காலடியில் வைத்தாள்.

"அப்பா, நேரமாச்சு. போகலையா?"

"இல்ல கண்ணு."

"இன்னைக்கு லீவா?"

"இல்ல. அப்பாவுக்குத் தண்டனை குடுத்துட்டாங்க."

அவள் முகம் சுருங்கியது. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தடவினாள். "ரொம்ப நாளைக்காப்பா?"

"ஆமாடா செல்லம்," என்றார் இவர், அவளை மடியில் இழுத்துக்கொண்டு. "ரொம்ப ரொம்ப நாளைக்கு."